முழங்கால் தேய்மானம்: எந்தப் பயிற்சித் திட்டம் யாருக்குப் பொருந்தும்?

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததும் மருத்துவர் சொல்லும் அடுத்த வார்த்தை பெரும்பாலும் “எக்சர்சைஸ் பண்ணுங்க” என்பதுதான். சொல்வது சரியே. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்டது உட்பட, முக்கியமான வழிகாட்டிகள் எல்லாமே பயிற்சியை முதல் வரிசையில் வைக்கின்றன. எந்தப் பயிற்சி, வாரம் எத்தனை நாள், எவ்வளவு பாரம், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்கும்போதுதான் பதில் மங்கலாகிவிடுகிறது. கிளாட், எஸ்கேப்-பெயின், ஜிம்மில் பாரம் தூக்குவது, நீர்ப் பயிற்சி, சீனாவின் மெதுவான அசைவுக் கலையான தாய் சி, யோகா, சைக்கிள், வீடியோ வழி பிசியோதெரபி எனக் கடை விரித்திருப்பவை ஏராளம். இவற்றில் எது எதைத் தருகிறது, எங்கே பிசகுகிறது என்று இங்கே பார்க்கலாம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2024இல் புதுப்பித்த தொகுப்பாய்வு 139 ஆய்வுகளையும் 12,468 பேரையும் எடுத்துப் பார்த்தது. 0 முதல் 100 வரையிலான வலி அளவில், எதுவும் செய்யாமலோ வழக்கமான சிகிச்சையோடோ இருந்தவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய 13 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. போலிச் சிகிச்சையோடோ, பயிற்சி இல்லாமல் அக்கறையாகப் பேசிக் கவனிப்பதோடோ ஒப்பிட்டபோது அது 9 புள்ளிக்கும் சற்றுக் குறைவு. மாயம் இல்லை, ஆனால் வெறுங்கையும் இல்லை. இது சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. சிலருக்குப் பெரிய மாற்றம் வருகிறது, சிலருக்கு எதுவுமே நகர்வதில்லை. தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி மீண்டும் வளர்க்காது. குருத்தெலும்பில் வலி நரம்பே கிடையாது. வலி மூட்டின் உட்சவ்விலிருந்தும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு ஒருவர் நன்றாக நடக்கிறார், லேசான தேய்மானத்தோடு இன்னொருவர் படியேறத் திணறுகிறார். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து “இதற்குப் பயிற்சி உதவாது” என்று சொல்பவரிடம் இன்னொரு கருத்து கேட்பது நல்லது.

கிளாட்

டென்மார்க்கில் 2013இல் தொடங்கி, கனடா, ஆஸ்திரேலியா, சீனா, சுவிட்சர்லாந்து என்று பரவிய திட்டம் இது. தேய்மானம் என்றால் என்ன, வலி ஏன் வருகிறது, எதைச் செய்யலாம் என்று விளக்கும் இரண்டு வகுப்புகள். அதன்பின் வாரத்துக்கு இரண்டு என ஆறு வாரத்தில் 12 பயிற்சி அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், சிறு குழுவாக, இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில்.

சைக்கிளிலோ நடையிலோ பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு நான்கு வகைப் பயிற்சிகள்: உடலின் நடுப்பகுதியை நிலைநிறுத்துவது, கால் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் செய்யும் சறுக்கு அசைவுகள், எலாஸ்டிக் பேண்டை இழுத்து இடுப்பு, தொடைத் தசைகளைப் பலப்படுத்துவது, நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும். ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம் வரை படிநிலைகள் உண்டு. 10 முதல் 15 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. வலி கட்டுக்குள் இருந்து, அசைவும் ஒழுங்காக இருந்தால் மட்டும் அடுத்த படிநிலை.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், எண்ணிக்கையைவிட அசைவின் தரத்துக்குக் கொடுக்கும் இடம். இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். வலிக்கும் காலை ஒருவர் தன்னையறியாமல் முன்னே நகர்த்தி, நல்ல காலின் மேல் முழு எடையையும் போட்டு எழுவார். பத்து முறை எழுந்ததாகக் கணக்கு இருக்கும். பயிற்சி கிடைத்தது நல்ல காலுக்குத்தான். வலிக்கும் காலின் பாதத்தைச் சற்றுப் பின்னே வைக்கச் சொல்லி, இருக்கையை ஒரு மெத்தையால் உயர்த்தினால் சுமை உரிய காலுக்கு வரும். வலுக்கூடக் கூட மெத்தையை எடுத்துவிடலாம். இப்படி ஒரு திருத்தத்தைச் சொல்ல ஓர் ஆள் எதிரில் நிற்பதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பு.

குறைகளும் உண்டு. ஆறு வாரத்தில் வரும் வலுவில் பெரும்பகுதி நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது; தசை பருமனாக அதைவிட நாளாகும். 12 அமர்வுகள் முடிந்ததும் “இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடும் மையங்களில் வந்த பலனும் மெல்லக் கரைந்துவிடுகிறது. இந்தத் திட்டத்தின் பதிவேட்டில் தெரியும் முன்னேற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது சேருபவர்களுக்கு ஓரளவு தானாகவே குறையும்.

இதைச் சோதித்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. 206 பேரில் பாதிப் பேருக்கு இந்தத் திட்டம். மீதிப் பேருக்கு மூட்டுக்குள் உப்புநீர் ஊசி, எட்டு வாரத்தில் நான்கு முறை. ஊசியில் உப்புநீர்தான் இருக்கிறது என்று சொல்லியேதான் போட்டார்கள். ஒன்பதாவது வாரத்தில் வலி மதிப்பெண் பயிற்சிக் குழுவில் 10 புள்ளியும் ஊசிக் குழுவில் 7.3 புள்ளியும் மேம்பட்டிருந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியின் பலனில் கவனிப்புக்கும் நம்பிக்கைக்கும் காலப்போக்குக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதை இது நேர்மையாகக் காட்டுகிறது. அதற்காகப் பயிற்சி வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். உப்புநீர் காலுக்கு வலுவும் தராது, இதயத்துக்கோ சர்க்கரை அளவுக்கோ உதவவும் செய்யாது.

பிரிட்டனில் உருவான எஸ்கேப்-பெயின் கிளாடின் நெருங்கிய உறவு. ஆறு வாரம், 12 அமர்வுகள் என்பது இதிலும் அப்படியே. ஒவ்வொரு அமர்விலும் முதலில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பேச்சு, பிறகு பயிற்சி என்பதுதான் மாறுதல். நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து அசைவையே குறைத்துக்கொண்டவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பயத்தை ஒரே நாள் வகுப்பு போக்காது. பேச்சும் பயிற்சியும் மாறி மாறி வரும்போதுதான் போகும். 2007இல் வெளியான இதன் ஆய்வில் 418 பேர் இருந்தார்கள். குழுவாகச் செய்ததும் தனித்தனியாகச் செய்ததும் ஒரே அளவு பலன் தந்தன. பாரம் கூட்டும் விஷயத்தில் இது மென்மையானது. ஏற்கெனவே ஓரளவு சுறுசுறுப்பாக இருப்பவருக்குப் போதாது.

பாரம் தூக்குவது

“முன்தொடைத் தசை பலமானால் வலி போய்விடும்” என்று பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு இதை நேரடியாகக் கேட்டுப் பார்த்தது. 377 பேர், 18 மாதம், மூன்று குழுக்கள்: அதிகபட்ச வலுவில் 75 முதல் 90% வரை தூக்கியவர்கள், 30 முதல் 40% மட்டும் தூக்கியவர்கள், பயிற்சி இல்லாமல் கூடிப் பேசும் வகுப்புக்கு மட்டும் வந்தவர்கள். 18 மாத முடிவில் கனமான பாரம் தூக்கிய குழு வலியிலோ முழங்காலில் விழும் அழுத்தத்திலோ மற்றவர்களை முந்தவில்லை. 2023இல் வந்த இன்னோர் ஆய்வில் 11 பயிற்சிகளை 70 முதல் 90 நிமிடம் செய்தவர்களும், 5 பயிற்சிகளை 20 முதல் 30 நிமிடம் செய்தவர்களும், வாரம் மூன்று நாள், 12 வாரத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நின்றார்கள். விளையாட்டு போன்ற கடும் செயல்களில் மட்டும் நீண்ட பயிற்சிக்கு ஓரளவு முன்னிலை தெரிந்தது.

ஆகவே, வலிக்காக மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் ஜிம்மில் இருக்கத் தேவையில்லை. படியேற வேண்டும், தரையிலிருந்து எழ வேண்டும், வயதோடு வரும் தசை இழப்பைத் தடுக்க வேண்டும் என்பவருக்குப் பாரம் தேவைதான். காலால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ், பின்தொடைக்குக் காலை மடக்கி இழுக்கும் லெக் கர்ல், இடுப்பின் பக்கவாட்டுத் தசை, கெண்டைக்கால் ஆகிய நான்கும் போதும். 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். கடைசிச் சுற்றில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு முறை கூடுதலாகச் செய்ய முடிகிறது, அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் முடிகிறது என்றால் பாரத்தைக் கொஞ்சம் ஏற்றலாம்.

இங்கே தவறுகள் இரண்டு இடத்தில் குவிகின்றன. முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் காலை முழுவதுமாக நீட்டுவது ஒன்று. அந்த இயந்திரத்தில் காலை நீட்ட நீட்டச் சில்லின் மேல் அழுத்தம் கூடும். முட்டி 90 பாகை மடங்கிய நிலையிலிருந்து 45 பாகை வரை மட்டும் நீட்டினால் சுமை குறையும். நின்றபடி முட்டியை மடக்கி இறங்கி எழும் ஸ்குவாட்டில் இது தலைகீழ்: 45 பாகை வரை மடக்குவது பாதுகாப்பு, அதற்குக் கீழே இறங்க இறங்க அழுத்தம் ஏறும். இரண்டாவது தவறு, முழங்கால் வீங்கியிருக்கும்போது பாரத்தைக் கூட்டுவது. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையே குறைந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்காது. வீக்கம் வடியும்வரை பாரத்தைக் குறைத்து, அசைவையும் லேசான சுருக்கங்களையும் மட்டும் தொடர வேண்டும்.

நீரும் மென்மையான அசைவும்

இடுப்பின் உயரத்துக்கு நீரில் நின்றால் காலில் இறங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. மார்பெலும்பின் கீழ்நுனி வரை என்றால் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் பத்து அடி நடந்தாலே வலிப்பவருக்கும், உடல் எடை மிகக் கூடியவருக்கும் இது நல்ல நுழைவாயில். 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, சிறிய, குறுகிய காலப் பலன் என்றே சொன்னது. பலர் இதில் ஏமாறும் இடம் வேகம். நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காலை மெதுவாக ஆட்டினால் எதிர்ப்பே இல்லை. வேகமாகத் தள்ளினால்தான் தசைக்கு வேலை. அதோடு, படிகள் தரையில்தான் இருக்கின்றன. சில வாரங்களில் தரைப் பயிற்சிக்கு மாறும் திட்டம் இல்லாத நீர்ப் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறாத புண்ணும் கட்டுப்படாத இதயச் செயலிழப்பும் உள்ளவர்கள் நீரில் இறங்கக் கூடாது.

தாய் சி இந்த ஒப்பீட்டில் எதிர்பாராத வலுவான போட்டியாளர். 2016இல் வெளியான ஆய்வில் 204 பேர். ஒரு பாதிக்கு வாரம் இருமுறை 12 வாரம் தாய் சி, மறு பாதிக்கு முறையான பிசியோதெரபி. வலியில் இரண்டும் சமம். மனச்சோர்விலும் வாழ்க்கைத் தரத்திலும் தாய் சி முந்தியது. தூக்கம் கெட்டு, மனம் தளர்ந்து, வலியையே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆசிரியர் மிகத் தாழ்வாக உட்காரும் நிலையில் நிற்கச் சொன்னால் மறுத்து உயரமாக நில்லுங்கள். எடை தாங்கிய பாதத்தை அப்படியே திருப்புவது முழங்காலை முறுக்கும். எடையை மறு காலுக்கு மாற்றிய பிறகே திருப்ப வேண்டும். யோகாவிலும் இதே கவனம்தான்: வஜ்ராசனமும் பத்மாசனமும் முழங்காலை முழுதாக மடக்கி அழுத்துபவை, அவற்றைத் தள்ளிவைத்து நாற்காலியைப் பிடித்தபடி நின்று செய்யும் ஆசனங்களில் தொடங்கலாம்.

நடையும் சைக்கிளும்

மூச்சு வாங்கும் பயிற்சிகளுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை. 217 ஆய்வுகளை ஒப்பிட்டு 2025இல் வந்த தொகுப்பாய்வில் வலிக்கும் செயல்திறனுக்கும் முன்னால் நின்றவை நடை, சைக்கிள், நீச்சல் போன்றவைதான். சாதனமும் அதிகம் தேவையில்லை. சைக்கிளில் கவனிக்க வேண்டியது இருக்கையின் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 பாகை மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கிச் சில்லு வலிக்கும். மிக உயரமாக இருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். குறைந்த எதிர்ப்பில், நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று. பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரம் வரை ஏற்றலாம். நடையில் அரை மணி நேரம் ஒரே மூச்சாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடந்தால் போதும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் எந்தப் பயிற்சியும் தனியாக நின்று பெரிய வேலை செய்யாது. 454 பேரை 18 மாதம் கவனித்து 2013இல் வெளியான ஐடியா ஆய்வில் உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் தம் எடையில் சுமார் 11% குறைத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்களுக்கு வலி குறைவு. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

வீடியோ வழியும் வீட்டுத் தாளும்

நேரில் போக முடியாதவர்களுக்கு நல்ல செய்தி: ஆஸ்திரேலியாவில் 394 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் ஐந்து முறை வீடியோ வழியாகப் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தவர்கள் நேரில் பார்த்தவர்களுக்குப் பின்தங்கவில்லை. கேமராவைப் பக்கவாட்டிலும் முன்னாலும் மாற்றி வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை தெரியும்படி காட்ட வேண்டும். முகம் மட்டும் தெரிந்தால் பயனில்லை. வீக்கத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் முதல் சந்திப்பு மட்டும் நேரில் இருந்தால் நல்லது. செயலிகளில், உங்கள் வலியையும் முயற்சியையும் கேட்டுவிட்டு அடுத்த நாள் பயிற்சியை மாற்றுபவை பரவாயில்லை. எல்லாருக்கும் ஒரே வீடியோவை ஓட்டுபவை வேண்டாம்.

இந்த ஒப்பீட்டில் கடைசி இடம், படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பும் முறைக்கு. பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள், எல்லாவற்றுக்கும் “10 முறை, தினமும்” என்ற ஒரே அளவு, எப்போது கூட்டுவது என்ற குறிப்பே இல்லை. முதல் வாரத்தில் கடினமாக இருந்தது மூன்றாம் வாரத்தில் எளிதாகிவிடும். அப்போதும் அதே பத்து என்றால் உடல் மேலே போக ஒரு காரணமும் இல்லை. மின் சாதனங்களின் கீழ் முக்கால் மணி நேரம் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் காலை ஆட்டச் சொல்லும் சேவையும் இதே வரிசைதான். டென்ஸ் (தோல் வழி மின்தூண்டல்), அல்ட்ராசவுண்ட், ஷார்ட்வேவ் போன்ற சாதனச் சிகிச்சைகளைத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்றே நைஸ் வழிகாட்டி சொல்கிறது.

எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் வலியை அளக்கும் விதி ஒன்று கையில் இருக்க வேண்டும். 0 முதல் 10 வரையிலான அளவில் பயிற்சியின்போது 2 வரை கவலையில்லை, 5 வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் அந்தப் பயிற்சியைக் குறைக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் அல்லது முட்டி வீங்கினால் அடுத்த முறை எண்ணிக்கையையோ பாரத்தையோ பாதியாக்குங்கள்; முற்றிலும் நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் வலி சற்றுக் கூடுவது சகஜம். பலரும் விட்டுவிடுவது சரியாக அந்த இடத்தில்தான். இதை முன்கூட்டியே சொல்லாத பிசியோதெரபிஸ்ட் பாதி வேலையைச் செய்யவில்லை.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. பாரம் எப்போது, எதைப் பார்த்துக் கூட்டப்படும்? ஒரு குழுவில் எத்தனை பேர்? ஆரம்பத்தில் எதை அளக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு, 30 விநாடியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற சோதனையையாவது பதிலாகச் சொல்ல வேண்டும். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கை வைக்காத, சுவரை ஒட்டிய நாற்காலி போதும். தொடக்கத்திலும் ஆறாம், பன்னிரண்டாம் வாரத்திலும் அதே நாற்காலியில் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையும் ஏறவில்லை, வலியும் இறங்கவில்லை என்றால், 12 வாரத்துக்குப் பிறகு அதே திட்டத்தை இழுத்துக்கொண்டிருக்காமல் வேறு வகைக்கு மாறலாம். மாறுவதில் நட்டமில்லை, ஏனென்றால் வகைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட, ஒழுங்காகத் தொடர்ந்தவருக்கும் பாதியில் விட்டவருக்கும் இடையிலான வித்தியாசம் பெரிது. ஏறியிருந்தால், வாரம் இரண்டு நாளாவது அதே பாரத்தில் தொடர்ந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் அசைவைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இவை எதையும் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளும் உண்டு: முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்குவது, நடுவில் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமல் போவது, விழுந்தபின் காலில் எடை போட முடியாதது, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது.